சீஷெல்ஸ் தீவுகளில் குடும்பத்தோடு பாய்மரப் படகும் ஸ்கூபாவும்: முழுமையான வழிகாட்டி

பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே உறங்கி, தீவு தீவாகப் போய் நீருக்கடியில் இறங்கிப் பார்க்க ஆசைப்படும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் சீஷெல்ஸ். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 4 பாகையில் இருக்கும் மாஹே, ப்ராலின், லா டீக் ஆகிய உள்தீவுகள் புயல்கள் வழக்கமாகச் செல்லும் பாதைக்கு வெளியே உள்ளவை. தீவுகளுக்கு இடையே தூரம் குறைவு. வானம் தெளிவாக இருந்தால் ஒரு தீவில் நின்றே அடுத்த தீவைப் பார்க்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. தலைநகர் விக்டோரியாவில் தமிழ் பேசும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், பிள்ளையார் கோயிலும் இருக்கிறது.

இந்த வழிகாட்டி ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட கூட்டத்துக்கானது. அதில் ஒருவருக்கோ இருவருக்கோ கொஞ்சம் படகு ஓட்டத் தெரியும். மூன்று பேர் ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு நீருக்கடியில் இறங்கும் டைவ், கற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று உண்டு, நீச்சல் தெரியாத பாட்டியும் உண்டு. நம் குடும்பங்கள் பெரும்பாலும் இப்படித்தான். இதில் பலர் தவறுவது திட்டத்தின் முதல் வரியிலேயே: நன்றாக டைவ் அடிப்பவரின் ஆசையை வைத்துப் பாதையைப் போடுகிறார்கள், மற்றவர்கள் ஏழு நாளும் படகில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். காற்றையும் நீச்சல் தெரியாதவரையும் வைத்துத் திட்டம் போட்டால், டைவ் அடிப்பவர்களுக்கு அதற்குள்ளேயே தாராளமாக இடம் கிடைக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணத்திலிருந்து வருவதுதான்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

சீஷெல்ஸில் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து சீராக, வலுவாக வீசும். நிலநடுக்கோட்டைத் தாண்டித் திரும்பி நம்மூருக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வருவதும் இதே காற்றோட்டம்தான். ஜூலை, ஆகஸ்டில் 20 நாட் (மணிக்கு 37 கி.மீ.) வேகம் சாதாரணம். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்கிலிருந்து வீசும். அது மெலிந்த காற்று, ஆனால் மழையைக் கூட்டிக்கொண்டு வரும். ஜனவரியில் மழை அதிகம்.

இவ்விரண்டுக்கும் நடுவில் காற்று மாறும் காலம் இரண்டு உண்டு: ஏப்ரலை ஒட்டி ஒன்று, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. அப்போது கடல் தட்டையாகக் கிடக்கும், நீர் 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும், நல்ல நாளில் நீருக்கடியில் 30 மீட்டர் வரை கண் போகும். டைவ் அடிக்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் பாய் விரித்தால் பல நாள் தொங்கிக்கொண்டுதான் இருக்கும், எஞ்சினைப் போட்டே போக வேண்டியிருக்கும்.

ஆக, பாயா டைவா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். முதல் முறை போகும் குடும்பத்துக்கு ஏப்ரல் கடைசியும் மே தொடக்கமும் என்பது என் பரிந்துரை. டைவுக்கேற்ற தெளிவு இன்னும் குறைந்திருக்காது, தென்கிழக்குக் காற்று மெல்ல எழும்பத் தொடங்கியிருக்கும், தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். அது முடியாவிட்டால் தீபாவளியை ஒட்டிய வாரங்கள். ஜூலை, ஆகஸ்ட் பழகியவர்களுக்கு அருமையான பாய்மரக் காலம். ஆனால் அப்போது நீர் 25 டிகிரியை ஒட்டிக் குளிரும், கலங்கலும் கூடும், நடுக்கடலில் அலை பாட்டிகளுக்கு ஏற்றதாக இராது.

2. யார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள்

படகு வாடகை இரண்டு வகை. படகை மட்டும் எடுத்து நீங்களே ஓட்டுவது ஒன்று, படகை ஓட்டும் தலைவரான ஸ்கிப்பரோடு எடுப்பது மற்றொன்று. முதல் வகைக்கு பிரிட்டனின் பாய்மரப் படகுச் சங்கமான ஆர்.ஒய்.ஏ. தரும் டே ஸ்கிப்பர் போன்ற சான்றிதழைக் கேட்பார்கள். அதோடு எந்தப் படகில், எத்தனை கடல் மைல், என்ன பொறுப்பில் ஓட்டினீர்கள் என்று எழுதிய அனுபவப் பட்டியலையும் கேட்பார்கள். நம் பக்கத்தில் பாய்மரப் பயிற்சி தொடங்க நல்ல இடம் சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப், 1911இல் தொடங்கியது. ஆனால் சிறு படகில் கற்ற திறமையும் 42 அடிப் படகை எட்டுப் பேரோடு பாறைகளுக்கு நடுவே நங்கூரமிடும் திறமையும் வேறு வேறு.

எனவே முதல் பயணத்துக்கு ஸ்கிப்பரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நாள் சம்பளமும் சாப்பாடும் தர வேண்டும், படுக்க இடமும் ஒதுக்க வேண்டும். பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து இதை விட்டுவிடுகிறவர்கள், வாரம் முழுக்க நங்கூரத்தை எண்ணிக்கொண்டு தூங்காமல் இருக்கிறார்கள். உள்ளூர் ஸ்கிப்பருக்கு எந்தக் காற்றில் எந்த விரிகுடா அமைதியாக இருக்கும் என்பது கைரேகை போலத் தெரியும். உங்களில் படகு தெரிந்தவர் பக்கத்தில் நின்று சுக்கான் பிடிக்கலாம், பாய் இழுக்கலாம், எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம்.

3. படகைத் தேர்ந்தெடுங்கள்

குடும்பத்துக்குக் கேட்டமரன் என்ற இரட்டை உடல் படகுதான். ஒற்றை உடல் படகில் பாய் விரித்துப் போகும் சுகம் தனி. ஆனால் அது சாய்ந்து போகும். சாய்ந்த படகில் பெரியவர்கள் கழிப்பறைக்குப் போய்வருவதே பெரும்பாடு. 40 முதல் 45 அடிக் கேட்டமரனில் நான்கு அறை, நான்கு கழிப்பறை இருக்கும். பின்பக்கம் நீருக்குள் இறங்கப் படிகள் இருக்கும். டைவ் அடிப்பவருக்கும் பாட்டிக்கும் ஒருசேர வேண்டியது அந்தப் படிதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருக்கிறதா, பக்கவாட்டுக் கம்பிகளில் பிள்ளைகளுக்கான வலை கட்டித் தருவார்களா, பிள்ளைகள் அளவில் உயிர்காப்பு உடை உண்டா, கரைக்குப் போகும் சிறு படகான டிங்கியின் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், எரிபொருள், கடைசிச் சுத்தம், கடற்பூங்காக் கட்டணம் ஆகியவை வாடகைக்குள் அடங்குமா, முன்பணமாக எவ்வளவு பிடித்து வைப்பார்கள், அதற்குக் காப்பீடு உண்டா. பெரும்பாலான ஒப்பந்தங்கள் இரவில் படகு ஓட்டுவதைத் தடை செய்கின்றன. வழியெங்கும் பாறை உள்ள கடலில் அது சரியான தடை.

வாடகைப் படகுகளில் ஸ்கூபா உருளைக்குக் காற்று நிரப்பும் இயந்திரம் வழக்கமாக இராது. உங்கள் டைவ்களை உள்ளூர் டைவ் மையங்களோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மாஹேயின் போ வலோன் கடற்கரையிலும் ப்ராலின், லா டீக் தீவுகளிலும் அத்தகைய மையங்கள் உள்ளன. நீங்கள் நங்கூரமிட்ட இடத்துக்கே அவர்கள் படகு வந்து ஏற்றிக்கொள்ளுமா என்று கேளுங்கள். வருமென்றால் மற்றவர்களின் நாள் வீணாகாது.

4. ஊரிலேயே முடிக்க வேண்டியவை

ஸ்கூபா கற்றுக்கொள்ளாதவர்கள் கிளம்புவதற்கு ஓரிரு மாதம் முன்பே ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைப் பயிற்சியை முடித்துவிடுங்கள். சென்னை, புதுச்சேரி, அந்தமானின் ஹேவ்லாக், இலங்கையில் திருகோணமலை என்று பல இடங்களில் நடக்கிறது. இந்தச் சான்றிதழ் 18 மீட்டர் வரை இறங்க அனுமதிக்கும். அடுத்த நிலையான அட்வான்ஸ்ட் முடித்தவர்கள் 30 மீட்டர் வரை போகலாம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள் ஜூனியர் சான்றிதழோடு, பெற்றோரோ பயிற்சியாளரோ உடன் இருக்க, 12 மீட்டர் வரை மட்டுமே. சான்றிதழ் இல்லாதவர்கள் பயிற்சியாளரின் கைப்பிடியில் 'டிஸ்கவர்' டைவ் ஒன்று முயலலாம்.

உடல்நலப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, காதுப் பிரச்சினை, இதய நோய், வலிப்பு இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகள் ஸ்கூபா செய்யவே கூடாது. மேலே மிதந்து ஸ்நார்க்கல் செய்வதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். வழக்கமான பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா அடங்காது. ஆழத்திலிருந்து வேகமாக ஏறுவதால் வரும் பாதிப்புக்கான அழுத்த அறைச் சிகிச்சையை உள்ளடக்கிய டைவ் காப்பீடு தனியாக எடுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களும் ஒன்றிரண்டு வாரம் உள்ளூர் நீச்சல் குளத்துக்குப் போகட்டும். நீச்சல் கற்க அல்ல. மாஸ்க் போட்டு, ஸ்நார்க்கல் குழாயில் மூச்சு விட்டு, உயிர்காப்பு உடையோடு முகத்தை நீரில் வைத்து மிதக்கப் பழக. அறுபது வயது அம்மாவும் இதைப் பழகிக்கொள்ளலாம். பழகிவிட்டால் கடலுக்கடியில் ஆமை மேய்வதை அவரும் பார்ப்பார், அந்த ஒரு காட்சிக்காகவே இத்தனை மெனக்கெடலும் தகும். மாஸ்க் மட்டும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக வாங்குங்கள். முகத்தில் பட்டை மாட்டாமல் வைத்து, மூக்கால் மூச்சை இழுத்தால் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் அளவு.

கடல் குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். சிலவற்றில் தூக்கம் சொக்கும். தூக்கம் வரும் மாத்திரையோடு டைவ் அடிக்கக் கூடாது. மாத்திரையைக் கிளம்புவதற்கு முன் போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அது வேலை செய்வது கடினம்.

தாள்கள்: விசா இல்லை என்றாலும் கிளம்பும் முன் இணையத்தில் பயண அனுமதி பெற வேண்டும். தங்குமிடம் கேட்கும் இடத்தில் படகின் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தையும் கொடுங்கள். திரும்பும் டிக்கெட் கட்டாயம். மும்பை, கொழும்பு, வளைகுடா நகரங்கள் வழியாக விமானம் கிடைக்கும். பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

5. சமையல் சாமான்

இதில் நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஏனென்றால் ஒரு வாரக் கடல் பயணத்தில் மனநிலையைத் தீர்மானிப்பது சாப்பாடு. பழம், காய்கறி, இறைச்சி எதையும் ஊரிலிருந்து கொண்டுபோகாதீர்கள். தீவுகளின் உயிரினங்களைக் காக்க சீஷெல்ஸில் கண்டிப்பான சோதனை உண்டு. சீல் போட்ட பொடிகள் போதும்: சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் விக்டோரியாவிலேயே தமிழர் கடைகளில் வாங்கலாம். மீனும் காயும் செல்வின் கிளார்க் சந்தையில் காலையில் கிடைக்கும். சந்தை ஞாயிறு விடுமுறை, ஆகவே உங்கள் படகு ஞாயிற்றுக்கிழமை கிளம்புமானால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். சிறு தீவுகளில் எல்லாம் விலை கூடுதல், வகை குறைவு.

சிறிய குக்கர் ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். ஆடும் படகில் திறந்த பானையைவிடப் பூட்டிய குக்கர் பாதுகாப்பு, எரிவாயுவும் மிச்சம். படகு ஓடும்போது சமைக்க வேண்டாம். காலையில் நங்கூரத்தில் இருக்கும்போதே புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கிளறி டப்பாவில் போட்டுவிட்டால் மதியம் கீழே இறங்காமல் மேல்தளத்திலேயே சாப்பிடலாம். தாளிக்கும் வாசனை குமட்டல் உள்ளவரை இன்னும் வாட்டும். குமட்டல் வந்தவருக்கு இஞ்சி, உப்பு பிஸ்கட், குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, அடிவானத்தைப் பார்த்தபடி வெளியே உட்கார வையுங்கள். அறைக்குள் படுக்கவிடாதீர்கள், போனைப் பார்க்கவிடாதீர்கள்.

6. முதல் மதியம்: படகைக் கற்றுக்கொள்ளுதல்

பெரும்பாலான படகுகள் மாஹேயின் ஈடன் தீவுத் துறையிலிருந்து கிளம்புகின்றன. சாவி கொடுப்பவர் சொல்வதை இரண்டு பேர் சேர்ந்து கேளுங்கள், ஒருவர் போனில் படம் பிடிக்கட்டும். பிறகு ஸ்கிப்பரை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியவை: உயிர்காப்பு உடை எங்கே, தீயணைப்பான் எங்கே, எரிவாயு வால்வை எப்படி மூடுவது, வானொலியில் 16ஆம் சேனலில் எப்படி உதவி கேட்பது, யாராவது கடலில் விழுந்தால் ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரையே கைநீட்டிக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது.

கழிப்பறையில் காகிதம் போடக் கூடாது, குழாய் அடைத்தால் விடுமுறை கெடும். தண்ணீர்த் தொட்டி பெரியதாகத் தெரியும். எட்டுப் பேர் வீட்டில் குளிப்பதுபோலக் குளித்தால் இரண்டு நாளில் காலி. கடலில் குளித்துவிட்டுக் கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரை ஊற்றிக்கொள்ளும் வழக்கத்தை முதல் நாளே தொடங்குங்கள்.

அன்று தூரம் போகாதீர்கள். துறைக்கு எதிரேயே சாந்த் ஆன் கடற்பூங்கா இருக்கிறது, 1973இல் அறிவிக்கப்பட்டது. எஞ்சினில் சிறிது நேரப் பயணம். 1770இல் சீஷெல்ஸில் முதன்முதலாக மனிதர்கள் குடியேறியது இந்த சாந்த் ஆன் தீவில்தான். அந்தச் சிறு கூட்டத்தில் ஐந்து இந்தியர்களும் இருந்தார்கள். பக்கத்திலிருக்கும் மோயென் தீவை பிரெண்டன் கிரிம்ஷா என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1962இல் 8,000 பவுண்டுக்கு வாங்கி, மரம் நட்டு, ஆமை வளர்த்து, 2012இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இன்று அது தேசியப் பூங்கா. பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே பெரிய நில ஆமைகளைக் காட்டிவிடலாம்.

7. பாதை

ஒரு வாரத்துக்கு நான்கைந்து இடம் போதும். மாஹேயிலிருந்து ப்ராலின் வடகிழக்கே 25 கடல் மைலை ஒட்டிய தூரம், நான்கைந்து மணி நேரம். இந்தப் பாதைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: காற்று தென்கிழக்கிலிருந்து வந்தாலும் வடமேற்கிலிருந்து வந்தாலும் படகுக்குப் பக்கவாட்டில்தான் விழும், போகும்போதும் திரும்பும்போதும். பக்கக் காற்றில் பாய் விரித்துப் போவது எளிது, வேகமும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் அலையும் பக்கத்திலிருந்துதான் உருட்டும், எனவே குமட்டல் மாத்திரைக்கான நாள் இதுவே. காலை 7 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். காற்று 18 நாட்டைத் தாண்டத் தொடங்கும்போதே பாயைச் சுருக்கச் சொல்லுங்கள். எல்லோரும் உற்சாகமாக இருக்கும்போது சுருக்குவதுதான் நல்லது, பயந்த பிறகு சுருக்குவது இரு மடங்கு வேலை.

இரண்டாம் நாள் இரவு கியூரியஸ் தீவின் லாரே விரிகுடா. ப்ராலினுக்கு வடக்கே ஒட்டியிருக்கும் இந்தத் தீவு 1965 வரை தொழுநோயாளிகளின் குடியிருப்பாக இருந்தது, மருத்துவர் வாழ்ந்த பழைய வீடு இன்றும் நிற்கிறது. சீஷெல்ஸின் தொலைதூர அல்டாப்ரா தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய ஆமைகள் கரையிலேயே உலாவும். அலையாத்திக் காட்டுக்கு நடுவே மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள், பெரியவர்களும் நடக்கலாம். கட்டணத்தைப் பூங்காக் காவலரிடம் கட்டி ரசீது வாங்குங்கள்.

மூன்றாம் நாள் காலை செயின்ட் பியர் என்ற சிறு பாறைத்தீவு. சில பனைகள் நிற்கும் கருங்கல் குவியல், சுற்றிலும் மீன். கூட்டம் வரும் முன் 8 மணிக்குப் போய்விட்டால் ஸ்நார்க்கலுக்கு இது முதல் தரம். மதியம் ப்ராலினின் ஆன்ஸ் லாசியோ கடற்கரை, அதுவும் தென்கிழக்குக் காற்று மாதங்களில் மட்டும். வடமேற்குக் காற்றில் அங்கே அலை நேராக உள்ளே வரும்.

நான்காம் நாள் கரையில். ப்ராலின் நடுவே வலே த மே காடு, 1983 முதல் உலகப் பாரம்பரிய இடம். கடல்தேங்காய் மரங்கள் இயற்கையாக வளரும் மிகச் சில இடங்களில் ஒன்று. தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை அது, 20 கிலோவையும் தாண்டும். கடலில் மூன்று நாள் இருந்த கால்களுக்கு அந்த நிழல் பெரிய ஓய்வு.

ஐந்தாம் நாள் லா டீக். லா பாஸ் துறை மிகச் சிறியது, காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். ஆளுக்கொரு சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். ஆன்ஸ் சோர்ஸ் தார்ஜான் கடற்கரையில் முட்டியளவுத் தண்ணீர், மணல் தரை, வெளியே பவளப் பாறைத்திட்டு அலைக்குக் காவல் இருக்கிறது. பாட்டி உயிர்காப்பு உடையோடு முகத்தை நீரில் வைத்துப் பார்க்கச் சரியான இடம் இதுதான். அவருக்காக நீரேற்றம் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் போங்கள், இறக்கத்தில் மிதக்க ஆழம் போதாது. தீவின் மறுபக்கம் இருக்கும் கிராந்த் ஆன்ஸ் பார்வைக்கு இன்னும் அழகு. ஆனால் தென்கிழக்குக் காற்று மாதங்களில் அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் ஆளைக் கொல்லும். கால் நனைக்கக்கூடப் பிள்ளைகளை விடாதீர்கள்.

ஆறாம் நாள் கோகோ தீவைச் சுற்றி ஸ்நார்க்கல், ஃபெலிசிட்டே பக்கத்தில் டைவ். ஏழாம் நாள் மாஹேக்குத் திரும்பி, காற்று தென்கிழக்காக இருந்தால் மேற்குக் கரையின் தெர்னே விரிகுடாவில் கடைசி இரவு.

குசான் தீவுக்கு ஆசை இருந்தால் முன்பதிவு வேண்டும். அங்கே உங்கள் டிங்கி கரை தொடக் கூடாது, தீவின் காவலர்கள் தங்கள் படகில் ஏற்றிச் செல்வார்கள். ஒரே ஒரு எலி ஏறிவிட்டாலும் பறவைகளுக்கு ஆபத்து. அழிவின் விளிம்பில் இருந்த சீஷெல்ஸ் கதிர்க்குருவியைக் காக்கவே 1968இல் அந்தத் தீவை வாங்கினார்கள். இப்படிப்பட்ட கண்டிப்பை மனதார மதிக்க வேண்டும்.

8. நங்கூரம்

சூரியன் உயரத்தில் இருக்கும்போதே விரிகுடாவுக்குள் நுழையுங்கள். மாலை 4 மணிக்குள் நங்கூரம் விழுந்திருக்க வேண்டும். வெளிர்நீலம் மணல், பழுப்புத் திட்டு பாறை அல்லது பவளம், கருநீலம் ஆழம். சூரியன் சாய்ந்துவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. இங்கே 6 மணியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் இருட்டிவிடும், அந்தி நீளாது. பிள்ளைகளில் ஒருவரைப் படகின் முன்முனையான அணியத்தில் ஸ்கிப்பருக்குத் துணையாக நிறுத்தி நிறம் சொல்ல விடுங்கள். மிதவைகளின் நிறமுறை இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளதுதான்: துறைக்குள் நுழையும்போது சிவப்பு இடக்கைப் பக்கம்.

மணலில் மட்டும் நங்கூரம் போடுங்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விட வேண்டும், காற்று பலமானால் ஏழு மடங்கு. எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி இழுத்துப் பாருங்கள். பிறகு ஒருவர் மாஸ்க் போட்டு நீந்திப் போய் நங்கூரம் மணலில் புதைந்திருக்கிறதா, சங்கிலி பவளத்தில் உரசுகிறதா என்று கண்ணால் பார்த்து வர வேண்டும். கடற்பூங்காவில் கட்டுமிதவை இருந்தால் நங்கூரமே வேண்டாம்.

9. நீருக்கடியில்

எதிர்பார்ப்பை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். 1998இல் கடல் சூடேறி உள்தீவுகளின் உயிருள்ள பவளத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. மெல்ல மீண்டு வந்ததை 2016 மறுபடி வெளுக்கவைத்தது. பல வண்ணப் பவளத் தோட்டம் மட்டுமே வேண்டுமென்றால் ஏமாற்றம்தான். சீஷெல்ஸின் தனிச்சொத்து கருங்கல். 75 கோடி ஆண்டுப் பழமையான கருங்கற்கள் கடலுக்கடியிலும் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. அவற்றின் இடுக்குகளில் வெண்முனைச் சுறா உறங்கும், கழுகுத் திருக்கை கூட்டமாகக் கடந்துபோகும், ஆமைகள் பக்கத்திலேயே மேயும். மென்பவளங்களும் உண்டு.

முதல் டைவ் எல்லோருக்கும் எளியதாக இருக்கட்டும்: பாதையில் வரும், காற்று மறைந்த ஒரு விரிகுடாவில் 10, 12 மீட்டரில். எடை சரியாக இருக்கிறதா, மாஸ்கில் நீர் கசிகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு மாஹேயின் வடக்கே ப்ரிஸார் பாறைகள், லா டீக்குக்குக் கிழக்கே மரியான் தீவின் தென்முனை. மரியானில் சாம்பல் சுறாக்கள் உண்டு, நீரோட்டமும் உண்டு, அனுபவம் இல்லாதவர்கள் தவிர்க்கவும். 1970இல் கடல்வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கிய பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல் என்னர்டேல் 30 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் கிடக்கிறது. அது அட்வான்ஸ்ட் முடித்தவர்களுக்கு மட்டும்.

கண்டிப்பான விதிகள் சில. டைவை எப்போதும் காலையில் வையுங்கள். ஒரு நாளுக்கு இரண்டு போதும், மதியம் முழுக் கூட்டத்துக்கும் சொந்தம். பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம், முறை வைத்துக்கொள்ளுங்கள். டைவர்கள் நீரில் இருக்கும்போது படகில் எஞ்சினும் வானொலியும் தெரிந்த ஒருவர் இருந்தே ஆக வேண்டும். யாராவது நீரில் இருக்கையில் எஞ்சின் இயக்கக் கூடாது. டிங்கி ஓட்டுபவர் அவசர நிறுத்தக் கயிற்றைக் காலிலோ கையிலோ மாட்டியிருக்க வேண்டும். கடலில் நடக்கும் மோசமான காயங்களுக்குக் காரணம் பெரும்பாலும் சுறா அல்ல, எஞ்சினின் சுழலும் காற்றாடிதான். ஸ்நார்க்கல் செய்யும் பிள்ளைக்கு ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில்.

இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் காதைச் சமன் செய்யுங்கள், வலித்தால் நில்லுங்கள். ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று டைவ் இல்லை. வெயிலுக்கு லோஷனைவிட முழுக்கைச் சட்டை மேல். உடலுக்கும் பவளத்துக்கும் நல்லது. எதையும் தொடாதீர்கள், சங்கு, பவளம் எதையும் எடுக்காதீர்கள். ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிப்பது இங்கே சட்டவிரோதம்.

10. கடைசி இரண்டு நாள்

விமானம் ஏறுவதற்கு முன் பல நாள் டைவ் அடித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 24 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கடைசி டைவ் ஆறாம் நாள் காலையோடு முடியும்படி பாதையைப் போடுங்கள். ஏழாம் நாள் பாயும் நீச்சலும் மட்டும். மாஹேக்கு ஒரு நாள் முன்பே திரும்பிவிடுவதும் காற்றுக்காக. கடக்க முடியாத அலையில் விமானத்துக்காக அவசரப்பட்டுக் கிளம்பும் நிலை வரக் கூடாது.

படகைக் கொடுக்கும்போது எரிபொருளை நிரப்பி, உடைந்தது எதுவாக இருந்தாலும் நீங்களே சொல்லுங்கள். முதல் நாள் எடுத்த வீடியோ அப்போது உதவும். முன்பணத்தைத் திருப்பிய ரசீதைக் கையில் வாங்காமல் நகராதீர்கள். மீதி நேரத்தை விக்டோரியாவில் கழிக்கலாம். குவின்சி தெருவில் 1992இல் கட்டிய அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயில், சந்தைக்கு நடந்து போகும் தூரம். கடல்தேங்காய் வாங்க விரும்பினால் அரசு முத்திரையும் ஏற்றுமதிச் சான்றும் உள்ளதை மட்டுமே வாங்குங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிமுதல்.

ஒன்றை மட்டும் துறையை விட்டு வரும் முன்பே செய்துவிடுங்கள். படகு கற்றுக்கொண்டவர் எத்தனை கடல் மைல் போனார், எத்தனை முறை நங்கூரமிட்டார், எந்தக் காற்றில் சுக்கான் பிடித்தார் என்று எழுதி ஸ்கிப்பரிடம் கையெழுத்து வாங்குங்கள். டைவ் அடித்தவர்களும் தங்கள் குறிப்பேட்டில் மையத்தின் முத்திரையைப் பெறட்டும். அடுத்த முறை ஸ்கிப்பர் இல்லாமல் படகு கேட்கும்போதும், 30 மீட்டர் டைவுக்குப் பெயர் கொடுக்கும்போதும் இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.